துக்க வீட்டில் வார்டு நிலவரம்

அத்தான் இறந்த மறுநாள் காலை கட்சியின் மாவட்டச் செயலாளர் மலர்வளையத்தோடு வந்தார். உடலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். பிறகு என் காதருகே வந்து, "மைக்கு எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மைக் இல்லை என்றேன். இருந்தது. கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, கைக்கு எட்டாத தூரத்துக்கு அக்காவே அதைத் தள்ளி வைத்திருந்தாள். இந்த வீட்டில் சாவு விழுந்தால் யாரும் எழுந்து நின்று பேசக் கூடாது என்பது அவள் பல வருடங்களுக்கு முன்னால் போட்ட சட்டம். நகரசபை நிறைவேற்றிய எந்தத் தீர்மானத்தையும்விட உறுதியானது. அத்தானும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது அவர் பேச முடியாமல் கிடக்க, அவர் சார்பில் பேசக் கட்சி வந்து நின்றது. வெளியே வார்டு முழுவதும் அவருடைய நாற்காலிகளில் உட்கார்ந்து காத்திருந்தது. அக்காவின் சட்டம் அன்றைக்கு நிற்குமா விழுமா என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

அந்த நாற்காலிகளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அத்தானுக்குத் தொழில் சாவி வெட்டுவது. கடைத்தெருவில், செருப்புக் கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவில் ஒரு கடை. எங்கள் வார்டில் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்று விழிக்காத குடும்பம் கிடையாது. அப்படி நின்ற அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிட்டவர் இவர். வார்டு கவுன்சிலர் தேர்தலில் எதிர்த்து நின்றவர் பெரிய பேச்சாளர், ஆனால் பூட்டுத் திறக்கத் தெரியாது. அத்தான் ஜெயித்துவிட்டார்.

கட்சியில் சேர்ந்ததும் அப்படித்தான். அலுவலகச் சாவியைத் தொலைத்துவிட்டு நின்றவர்கள் இவரைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்து கொடுத்தவரை உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். தனக்கென்று கொள்கை எதுவும் இல்லாததால் கட்சியின் கொள்கை அவருக்கு கச்சிதமாகப் பொருந்தியது, புதுப் பூட்டுக்குப் புதுச் சாவி மாதிரி.

நகரசபை உறுப்பினர் ஆனவர்கள் மாதம் ஒருமுறை மக்களைக் கூட்டி, கட்சியின் புதிய கொள்கைகளையும் வார்டில் நடந்த வேலைகளையும் விளக்க வேண்டும் என்பது தலைமையின் உத்தரவு. அத்தான் அதற்கு 'வார்டு நிலவரம்' என்று பெயர் வைத்தார். தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில் கூட்டம். பெரியவர்கள் முட்டியை மோவாய்க்குக் கொண்டுவந்தால்தான் அந்த பெஞ்சுகளில் உட்கார முடியும். அந்தச் சிரமம் யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் யாருமே வரவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு போக வேண்டிய காவலாளி மட்டும் வாசலில் நின்றிருப்பார். அத்தான் தலைமை அனுப்பிய தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்கு வாசித்துக் காட்டுவார். தேசிய ஏற்றுமதிக் கொள்கையை அந்தக் காவலாளி அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தவர் எங்கள் ஊரில் வேறு ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு பெரிய தலைவர் எங்கள் பக்கம் பேச வருவதாக இருந்தது. மைதானத்தில் போட கட்சி ஒரு லாரி நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகளை அனுப்பியது. ஒவ்வொன்றின் முதுகிலும் தலைவரின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. அன்று பார்த்து மழை கொட்டியது. தலைவரின் கார் பாதி வழியில் திரும்பிவிட்டது. நாற்காலிகளைத் திருப்பி எடுக்க யாரும் வரவில்லை. அத்தான் அவற்றைத் துடைத்து அக்காவின் வீட்டுப் பின்கட்டில் அடுக்கினார். துணி காயப்போட இடம் போயிற்று என்று அக்கா அன்று ஆரம்பித்தவள்தான்.

அடுத்த வாரம் செருப்புக் கடைக்காரரின் தாயார் காலமானார். வந்தவர்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினார்கள். அத்தான் 'அவசரம்' என்பவரின் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாததால் அந்த ஓட்டுநருக்கு அந்தப் பெயர். நாற்காலிகளைப் போட்டு முடித்துவிட்டு அத்தான் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த அதிசயம் அவர் கண்ணில் பட்டது. வார்டே வரிசையாக உட்கார்ந்திருந்தது. பேசாமல். எழுந்து போனால் மரியாதை இல்லை, போன் எடுத்தால் மரியாதை இல்லை, கொட்டாவிகூட வாய்க்குள்ளேயே விட வேண்டும். உடலை எடுக்கும்வரை ஒருவரும் நகர மாட்டார்கள்.

அத்தான் தொண்டையைச் செருமினார்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் துக்க வீட்டுக்கு நாற்காலி வந்தால் கூடவே நிலவரமும் வரும் என்பது வழக்கமாகிவிட்டது. கைக்கு அடக்கமான ஒரு ஒலிபெருக்கி மைக் வாங்கிக்கொண்டார். முதலில் கட்சி, அப்புறம் வார்டு, கடைசியில் இறந்தவர். மூன்றையும் ஒட்டவைப்பதில் அவருக்கு ஒரு தனித் திறமை வந்துவிட்டது. பாத்திரக் கடைக்காரர் இறந்தபோது, அவர் கடைசி மூச்சுவரை சிறு வணிகர் வரிச் சீர்திருத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தார் என்றார். வரி என்ற சொல் காதில் விழுந்தாலே ஷட்டரை இறக்குகிற மனிதர் அவர். வாயில் ஒரு பல்கூட இல்லாத முதியவர் ஒருவர் பள்ளிக் குழந்தைகள் பல் பாதுகாப்புத் திட்டத்தை மனதார ஆதரித்து மறைந்தார். மொத்தத்தில் எங்கள் வார்டில் செத்தவர்கள் எல்லாரும் கட்சியின் பக்கம் இருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களிடம்தான் கொஞ்சம் சிக்கல்.

பேச்சை முடிக்கும்போது ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, "அவ்வளவுதான்" என்பார். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல எல்லாரும் எழுவார்கள், உடலைத் தூக்குவார்கள். நாளடைவில் அது இல்லாமல் தூக்கத் தெரியாது என்ற நிலைக்கு ஊர் வந்துவிட்டது. ஒருமுறை அவர் நகரசபைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள, ஒரு வீட்டில் உடலை வைத்துக்கொண்டு மதியம்வரை அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது எழுந்தால் மற்றவர்களும் எழுந்திருப்பார்கள். யாரும் எழவில்லை.

இது வெளியார் வீடுகளில் நடந்தவரை அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா இறந்தபோது சிரிப்பு நின்றது.

அப்பா பேச்சு என்றாலே தள்ளிப் போகிறவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்தே பழகிய கால், பஸ்ஸில் ஏறியதே கிடையாது. வெளியூர்க் கல்யாணம் என்றால் போகாமல் இருந்துவிடுவார். அவர் உடலுக்கு முன்னால் அத்தான் எழுந்து நின்றபோது அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். அத்தானுக்கு மட்டும் புரியவில்லை. மூத்த குடிமக்களுக்கான பஸ் கட்டணச் சலுகையைக் கட்சி அறிவித்த செய்தி கேட்டு தன் மாமனார் கண்கலங்கினார், முதல் பயணத்துக்குத் தயாராக இருந்தார், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

அதன் பிறகு அக்கா அவரோடு பேசவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "சாப்பாடு மேசையில இருக்குன்னு சொல்லு" என்பாள். நான் இல்லாத நாள்களில் சுவரிடம் சொன்னாளாம். அத்தான் சமாதானத்துக்காகப் பின்கட்டைக் காலி செய்து துணிக்கொடி கட்டிக்கொடுத்தார். நாற்காலிகள் வாசல் அறைக்கு வந்தன. நிலைமை மோசமாயிற்று. கடைசியில் ஒருநாள் நேராக அவரைப் பார்த்தே சட்டத்தைச் சொன்னாள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு சாவு விழுந்தா, அது என்னுதா இருந்தாலும் சரி, உங்களுதா இருந்தாலும் சரி, ஒருத்தரும் எழுந்து நின்னு பேசக் கூடாது."

"என்னுதா இருந்தா நான் எப்படிப் பேசுவேன்?" என்றார் அத்தான்.

"உங்களை நம்ப முடியாது."

அத்தான் ஒத்துக்கொண்டார். அக்கா மறுபடி பேச ஆரம்பித்தாள், ஆனால் பஸ் விஷயத்தை மறக்கவில்லை. தெருவில் பஸ் போனால் ஜன்னலைச் சாத்துவாள்.

நிலவரத்தை மாற்றியது அக்கா இல்லை. அது 'எதிர்க்கட்சி'யின் வேலை.

எதிர்க்கட்சி எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு தையல்காரர். மழை பெய்கிறது என்று சொன்னால் வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டு, "தூறல்" என்று திருத்துவார். எங்கள் இரண்டாம் தெரு முனையில் மாடியில் குடியிருந்தார். அந்த முனையில் சாக்கடைக் குழிக்கு மூடி கிடையாது. பழைய கதவுப் பலகை ஒன்றை மேலே போட்டிருந்தார்கள், அதுவும் அத்தான் கொடுத்ததுதான். எதிர்க்கட்சிக்கு மார்ச்சளி பிடித்து சில வாரங்களாக மாடியைவிட்டு இறங்கவில்லை.

அந்த முனையில் அவசரத்தின் வேனுக்கு டயர் பஞ்சர் ஆயிற்று. பாரத்தோடு ஜாக்கி தூக்காது என்று அவர் நாற்காலிகளை இறக்கி, அழகாக வரிசை போட்டு வைத்தார். அடுக்கி வைத்தால் விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார் பிறகு. தெருவில் இருந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், மாடியைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார்கள். தையல்காரரிடம் ரவிக்கை கொடுத்து மாதக் கணக்கில் காத்திருந்த பெண்கள் அதிகமாகவே அழுதார்கள். அத்தான் நகரசபையிலிருந்து சைக்கிளில் வந்தார். தன் நாற்காலி, அதில் ஜனம். இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்.

புதிய பொதுப் பூங்காக் கொள்கையை விளக்கினார். வார்டில் சாக்கடை வேலைகள் எல்லாம் சிறப்பாக முடிந்துவிட்டன என்றார். நம்மைவிட்டுப் பிரிந்த அண்ணன் இரண்டையும் முழுமையாக ஆதரித்தவர் என்று முடிக்கப் போகும்போது மாடி ஜன்னல் திறந்தது.

"யோவ் கவுன்சிலரே, நான் எப்பய்யா ஆதரிச்சேன்?"

முன்வரிசையில் ஒரு அம்மாள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அத்தான் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கவில்லை, அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"உன் புண்ணியத்துல செத்துட்டேன். சாக்கடை முடிஞ்சிடுச்சுன்னியே, கீழ பலகை போட்டிருக்கே, அது என்ன, பூங்காவா?"

தெரு சிரித்தது. துக்கத்துக்கு வந்த கூட்டம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தையல்காரர் இருமலுக்கு நடுவில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அத்தான் ஒவ்வொன்றுக்கும் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னார். இரண்டாம் தெரு மூடி வரவில்லை. மூன்றாம் தெருவில் விளக்கு எரியவில்லை. பூங்காவுக்கு இடமே பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது என்று அவசரம் சொல்வார். பயமாகவும் இருந்திருக்கலாம். அன்று சாயங்காலம் என்னிடம், "மாப்ளே, இனிமே செத்தவங்களை நம்பி எதுவும் சொல்ல முடியாது போலிருக்கே" என்றார்.

அடுத்த துக்க வீட்டில் நிலவரம் வேறு மாதிரி இருந்தது. கட்சிக் கொள்கையை ஒரே வரியில் சொல்லி முடித்தார். வார்டில் எது நடக்கவில்லை என்று சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, இறந்தவருக்குச் சம்பந்தமே இல்லாமல், "என் மாமனார் பஸ்ல ஏறினதே இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய். அவர் நடந்தே போனவர்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து இதை எங்களுக்குச் சொன்னாள். அன்று அக்கா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். சட்டத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை.

எதிர்க்கட்சி உடம்பு தேறி இறங்கி வந்தார். அதற்குப் பிறகு எந்தத் துக்க வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து, முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, நிலவரம் முடிந்ததும் கேள்வி கேட்பார். ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: மூடி என்னாச்சு? "இன்னும் போடல, அண்ணே. பார்த்துப் போங்க" என்பார் அத்தான். பிறகு "அவ்வளவுதான்." அந்த மூடிக்காக அவர் நகரசபைப் படிகளில் ஏறி இறங்கித் தேய்த்த செருப்புகளைப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர்தான் விற்றார், அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. மாவட்டச் செயலாளருக்கு இருந்தது. சாவு வீட்டில் கட்சியின் மானத்தையும் சேர்த்து எடுக்கிறீர்களே என்று இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். அத்தான் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அந்த அலுவலகத்தின் பீரோ பூட்டு இறுகியிருந்ததைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்.

அத்தான் இறந்தது கடையில்தான். சாவி வெட்டிக்கொண்டிருக்கும்போதே மிஷின்மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. பாதி வெட்டிய சாவிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குள் போகவும் முடியாமல், துக்கத்துக்கு வராமல் இருக்கவும் முடியாமல், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

அவசரம் யாரும் சொல்லாமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். தலைவரின் முகம் பல முதுகுகள் உரசி எப்போதோ போய்விட்டிருந்தது. சில நாற்காலிகளில் பல்வரிசை மட்டும் மீதி. வார்டு வந்து உட்கார்ந்தது.

மாவட்டச் செயலாளர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தன் குரல் போதும் என்றார். எல்லாருக்கும் முன்னால் நின்று தாளைப் பிரித்தார். மறைந்த உறுப்பினர் வாழ்நாள் முழுவதும் துறைமுக விரிவாக்கக் கொள்கையின் தீவிர ஆதரவாளராக விளங்கியவர் என்று ஆரம்பித்தார். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உடலின் அருகே உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் திருப்பினாள்.

"அவருக்கு நீச்சலே தெரியாது. உக்காருங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. செயலாளர் இறந்தவரின் மனைவி துக்கத்தில் பேசுகிறார் என்பதுபோலப் பொறுமையாகச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அதற்குள் எதிர்க்கட்சி அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தார். தையல்காரர் பிடி, தையல் விட்டுப்போகாத இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார். செயலாளர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி அவருக்குத் தயாராக இருந்தது.

சட்டம் நின்றது. நான் மூச்சுவிட்டேன். இனி எடுக்கலாம் என்று தெரு முனையில் சவ வண்டிக்காரர் கதவைத் திறந்து வைத்தார்.

யாரும் எழவில்லை.

தூக்க வேண்டியவர்களைப் பார்த்தேன், அவர்கள் நாற்காலிகளில் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவசரத்தைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். பிடிவாதம் இல்லை. எப்படி எழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வண்டிக்காரர் கதவைச் சாத்தினார், மறுபடி திறந்தார். வெயில் ஏறியது. யாராவது ஏதாவது சொன்னால் போதும் என்று இருந்தது. எனக்கே வாய்வரை வந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

எதிர்க்கட்சி கடைசியில் நாற்காலியை அக்காவின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அம்மா, உன் பேச்சுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா நான் இவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாகணும். கேக்காம எப்படி அனுப்புறது?"

அக்கா அத்தானின் முகத்தைப் பார்த்தாள். துணிக்கு மேலே ஒரு ஈ உட்கார்ந்தது, விரட்டினாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, நிமிராமல், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கட்சியோட எல்லாக் கொள்கையையும் இவர் ஆதரிச்சார். பாதி இவருக்குப் புரியல. மூணாந்தெரு விளக்கு வந்துடுச்சு, ரெண்டு எரியுது. பூங்காவுக்கு இடம் பார்க்கல. எங்கப்பா நடந்தே போனவர்." கடைசி வரிசைகள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தன. "கேளுங்கண்ணே."

"மூடி என்னாச்சு?" என்றார் எதிர்க்கட்சி.

"இன்னும் போடல. தூக்கிட்டுப் போறவங்க பார்த்துப் போங்க." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான்."

எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. அந்தச் சத்தத்தோடு அத்தானைத் தூக்கினார்கள். தெரு முனையில் எதிர்க்கட்சி பலகைக்குப் பக்கத்தில் நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டி, தூக்கிச் சென்றவர்களை ஒவ்வொருவராகச் சுற்றிப் போகவைத்தார். அதற்கு அப்பால்தான் வண்டி நின்றது.

எல்லாம் முடிந்து வந்தபோது அக்கா வாசல் அறையில், அவசரம் திரும்பக் கொண்டுவந்து அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே நுழையும்போதே கேட்டாள்.

"நான் எழுந்து நின்னேனாடா?"

"இல்லக்கா. உக்காந்துதான் இருந்த."

"ஆங்," என்றாள். "அதைத்தான் கேட்டேன்."